வெப்பப் படக்கருவிக்கு எந்தச் சாளரம்? சிலிக்கானும் அதன் போட்டிப் பொருள்களும்

தெர்மல் கேமராவை உலையின் அருகிலோ, மழையும் தூசியும் படும் கம்பத்திலோ நிலையாகப் பொருத்த நினைப்பவர்கள் கேமராவைத் தேர்ந்தெடுப்பதில் மாதக்கணக்கில் செலவிடுகிறார்கள். அதைக் காக்கும் பெட்டியின் முகப்பில் எதைப் பொருத்துவது என்ற கேள்வி கடைசி வாரத்தில்தான் அவர்களுக்கு எழுகிறது. சாதாரணக் கண்ணாடி, அலைநீளம் ஏறத்தாழ 4.5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட அகச்சிவப்புக் கதிர்களை விடுவதில்லை. அக்ரிலிக் தகடும் அதற்குச் சளைத்ததல்ல. எனவே விலைப்பட்டியலைப் புரட்டுகிறார்கள். அங்கே சிலிக்கானும் ஜெர்மானியமும் ‘அகச்சிவப்புச் சாளரம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அடுத்தடுத்து நிற்கின்றன; சிலிக்கான் விலையைப் போலப் பல மடங்கு ஜெர்மானியத்தின் விலை. மலிவானதை வாங்கலாமா என்பதே பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமரா 3–5 மைக்ரான் பட்டையில் இயங்குவதானால் சிலிக்கானை முதலில் எடுத்துப் பாருங்கள். அதை விடுவதற்குக் காரணம் இருந்தால் மட்டும் மற்றவற்றுக்குப் போங்கள். கேமரா 8–14 மைக்ரான் பட்டையில் இயங்குவதானால், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட மெல்லிய தகடாக மட்டுமே சிலிக்கான் பொருந்தும். இந்தப் பட்டையில் தடித்த சிலிக்கான் சாளரத்தை வாங்குகிறவர் விலையில் மிச்சம் பிடித்ததைப் படத்தில் இழந்துவிடுவார்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் அலைநீளப் பட்டை. 300 கெல்வினில், அதாவது அறை வெப்பநிலைக்குச் சற்று மேலே, இருக்கும் பொருளின் வெப்பக் கதிர்வீச்சு ஏறத்தாழ 9.7 மைக்ரானில் உச்சம் பெறுகிறது. 600 கெல்வினில் அந்த உச்சம் 4.8 மைக்ரானுக்கு இறங்கிவிடுகிறது. குளிரூட்டப்படாத மைக்ரோபோலோமீட்டர் (கதிர் பட்டுச் சூடேறும்போது மின்தடை மாறும் உணரி) கேமராக்கள் பெரும்பாலும் 8–14 மைக்ரானுக்கானவை. இன்டியம் ஆன்டிமோனைடு போன்ற உணரியைத் திரவ நைட்ரஜன் அளவுக்குக் குளிர்வித்துப் பயன்படுத்தும் விலை உயர்ந்த கேமராக்கள் பெரும்பாலும் 3–5 மைக்ரானுக்கானவை. உங்களிடம் இருப்பது எது என்று தெரியாமல் சாளரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இரண்டாவது, இழப்பின் வகை. சாளரத்தில் கதிர் இரண்டு வழிகளில் குறைகிறது. ஒளிவிலகல் எண் உயர்ந்த பொருளின் பரப்பில் ஒரு பகுதி திருப்பி அனுப்பப்படுகிறது. மற்றொரு பகுதி பொருளுக்குள் உட்கவரப்படுகிறது. எதிரொளிப்பைப் பூச்சினால் பெரிதும் போக்கிவிடலாம். உட்கவர்தலுக்கு மருந்து இல்லை. தகட்டை மெலிதாக்குவது ஒன்றே வழி. தரவுத்தாளில் ஊடுருவல் விகிதம் ஒரே எண்ணாகக் கொடுக்கப்பட்டிருந்தால், அந்தக் குறைவில் எவ்வளவு எந்த வகையைச் சேர்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாவது, உங்களுக்குத் தேவை படமா அளவீடா என்பது. ஆள் நடமாட்டத்தைப் பார்க்க மட்டும் என்றால் பாதிக் கதிர் போனாலும் படம் வரும். ஆனால் 50 மில்லிகெல்வின் வேறுபாட்டைக் காட்டக்கூடிய கேமரா 100 மில்லிகெல்வின் கேமராவாக இறங்கிவிடும். வெப்பநிலையை அளப்பவருக்குச் சிக்கல் இன்னும் பெரியது. சுற்றுப்புறமும் சாளரமும் 30 டிகிரி செல்சியஸில் இருக்க, 80 டிகிரியில் உள்ள இணைப்பு முனை ஒன்றைப் பாதிக் கதிரை மட்டும் விடும் சாளரத்தின் வழியே 8–14 மைக்ரான் கேமரா பார்ப்பதாகக் கொள்வோம். திருத்தம் எதுவும் இடாவிட்டால் அது காட்டும் எண் 60-ஐ எட்டாது.

எஞ்சியவை இயந்திரவியல் சார்ந்தவை: கீறல் தாங்குமா, அழுத்தம் தாங்குமா, சூடு தாங்குமா, எடை எவ்வளவு. கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் உள்ளே போக வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

| பொருள் | பூச்சின்றி ஊடுருவல் (உட்கவர்தல் நீங்கலாக) | 3–5 மைக்ரான் | 8–14 மைக்ரான் | நூப் கடினத்தன்மை (எண் கூடினால் கீறல் குறைவு) | அடர்த்தி (கி./க.செ.மீ.) |
|---|---|---|---|---|---|
| சிலிக்கான் | 54% | மிக நன்று | மெல்லியதாக மட்டும் | 1150 | 2.33 |
| ஜெர்மானியம் | 47% | நன்று | மிக நன்று | 780 | 5.33 |
| ஜிங்க் செலினைடு | 71% | மிக நன்று | மிக நன்று | 120 | 5.27 |
| ஜிங்க் சல்ஃபைடு | 75% | நன்று | 12 வரை | 160–240 | 4.09 |
| சஃபையர் | 88% | நன்று, 5-ஐ நெருங்கும்போது குறையும் | இல்லை | 2000 அளவில் | 3.98 |
| கால்சியம் ஃப்ளோரைடு | 94% | மிக நன்று | தொடக்கத்திலேயே விழும் | 160 அளவில் | 3.18 |

இரண்டாவது நெடுவரிசையைப் பார்த்துச் சிலிக்கானையும் ஜெர்மானியத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். ஒளிவிலகல் எண் சிலிக்கானுக்கு 3.42, ஜெர்மானியத்துக்கு 4 என்பதால் எதிரொளிப்பு கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். இருபுறமும் பூச்சு இட்டால் அந்த இழப்பு பெரும்பாலும் மறைந்துவிடும்.

## சிலிக்கான்

3–5 மைக்ரானில் சிலிக்கானுக்கு உட்கவர்தல் என்று சொல்லும்படி ஏதுமில்லை. பூச்சிட்ட தகடு 95 சதவீதத்தையொட்டிக் கதிரை விடும். தகடு மூன்று மில்லிமீட்டரோ ஐந்தோ, வேறுபாடு தெரியாது. கடினமான பொருள், எடை குறைவு, வெப்பத்தைக் கடத்துவதில் உலோகங்களோடு போட்டியிடக்கூடியது. அறை வெப்பநிலையில் அதன் வெப்பக் கடத்துத்திறன் ஏறத்தாழ 150 அலகு. ஜெர்மானியத்துக்கு 60 அளவில்தான். உலையின் முன் நிற்கும் சாளரத்தில் நடுப்பகுதி சூடேறி விளிம்பு குளிர்ந்திருந்தால் தகடு விரிசல் விடும். வெப்பத்தை விரைந்து பரப்பும் சிலிக்கானில் அந்த அபாயம் குறைவு. 50 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. தடிமனும் கொண்ட சிலிக்கான் வட்டு 14 கிராம்கூட இராது. அதே அளவு ஜெர்மானியம் 31 கிராமைத் தாண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே, முகம் பார்க்கும் ஆடி போன்ற சாம்பல் பளபளப்போடு இருக்கும். பெட்டியில் கலந்துவிட்டால் கையில் எடுத்து எடையை உணர்ந்தே பிரிப்பது வழக்கம்.

8–14 மைக்ரானுக்கு வரும்போதுதான் சிலிக்கான் இரண்டு இடங்களில் சறுக்குகிறது. சோக்ரால்ஸ்கி முறையில், குவார்ட்ஸ் மூசையில் உருக்கி இழுக்கப்படும் படிகத்துக்குள் மூசையிலிருந்து ஆக்சிஜன் கரைந்து சேர்கிறது. அந்தச் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு ஏறத்தாழ 9.1 மைக்ரானில் கதிரை உட்கவர்கிறது. அறை வெப்பநிலைப் பொருள்களின் கதிர்வீச்சு உச்சத்துக்கு மிக அருகில், சொல்லிவைத்தாற்போல அமைந்த பள்ளம் அது. ஆக்சிஜன் சற்று மிகுந்த படிகத்தில் உட்கவர் குணகம் சென்டிமீட்டருக்கு 3 என்று வைத்துக் கணக்கிட்டால், அந்த அலைநீளத்தில் ஒரு மில்லிமீட்டர் தகடு முக்கால் பங்கை விடும். மூன்று மில்லிமீட்டர் தகடு நாற்பது சதவீதத்தை விடும். ஐந்து மில்லிமீட்டரில் கால் பங்குகூட மிஞ்சாது. இது எதிரொளிப்பைச் சேர்க்காத கணக்கு.

மூசையே இல்லாமல் வளர்க்கப்படும் ஃப்ளோட் ஸோன் சிலிக்கானில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதால் 9 மைக்ரான் பள்ளம் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. விற்பனையாளர்கள் இதை உரக்கச் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது அடுத்ததை. சிலிக்கான் அணுக்கோவையின் அதிர்வுகளாலேயே 11 மைக்ரானை ஒட்டியும், 13 மைக்ரானுக்கு மேலேயும், இன்னும் கடுமையாக 16 மைக்ரானிலும் உட்கவர்தல் நிகழ்கிறது. அது தூய்மைக் குறைவால் வருவதன்று, பொருளின் இயல்பு. ஆகவே ஃப்ளோட் ஸோன் தகட்டையும் மெலிதாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

மெலிதாக இருந்தால் நிலைமை மாறுகிறது என்பதற்குச் சான்று கையடக்கக் கருவிகளிலேயே இருக்கிறது. ஃப்ளிர் நிறுவனத்தின் லெப்டான் என்ற சிறு கேமராத் தொகுதி 8–14 மைக்ரானில் இயங்குவது. அதன் வில்லைகள் இரண்டும் சிலிக்கானால் ஆனவை. மைக்ரோபோலோமீட்டரை வெற்றிடத்தில் மூடும் சின்னஞ்சிறு சாளரத்துக்கும் சிலிக்கான் பரவலாகப் பயன்படுகிறது. குறைக்கடத்தித் தொழிற்சாலையின் வேஃபரிலேயே (சில்லுகள் செய்யப் பயன்படும் மெல்லிய சிலிக்கான் வட்டத் தகடு) ஆயிரக்கணக்கில் செதுக்கி எடுக்கலாம் என்ற வசதி அங்கே ஒளியியல் இழப்பை ஈடுகட்டிவிடுகிறது.

வேஃபர் என்றதும் கல்லூரி ஆய்வகங்களில் ஓர் ஆசை எழும்: 100 மி.மீ. வேஃபர் ஒன்றை வாங்கி அதையே சாளரமாக வைத்தால் என்ன? அதன் வழக்கமான தடிமன் 0.525 மி.மீ. என்பதால் யோசனை தவறில்லை. ஆனால் மூன்றைப் பார்த்து வாங்க வேண்டும். பல வேஃபர்களில் ஒரு முகம் மட்டுமே மெருகிடப்பட்டிருக்கும். மங்கிய பின்முகம் கதிரைச் சிதறடித்துப் படத்தைக் குழப்பும். மாசு மிகுதியாகச் சேர்த்த, மின்தடை குறைந்த வேஃபரில் கட்டற்ற மின்னூட்டங்களே கதிரை விழுங்கிவிடும். மூன்றாவதாக, அரை மில்லிமீட்டர்த் தகடு தூசியைத் தடுக்கும், அழுத்தத்தைத் தாங்காது.

அழுத்தம் உள்ள இடத்துக்கு ஒரு கணக்கு. விளிம்பில் தாங்கப்பட்ட 50 மி.மீ. திறப்பு, ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் வளிமண்டலம், பாதுகாப்புக் காரணி நான்கு என்று கொண்டால், சிலிக்கானுக்கு ஏறத்தாழ 1.5 மி.மீ., ஜெர்மானியத்துக்கு 1.8 மி.மீ., ஜிங்க் செலினைடுக்கு 2.3 மி.மீ. தடிமன் தேவைப்படுகிறது. மூன்றில் வலுவானது சிலிக்கான்தான். ஆனால் அந்த 1.5 மி.மீ.-இல் 9.1 மைக்ரான் பள்ளம் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வலிமைக்காகத் தடிமனைக் கூட்டுவதும் ஊடுருவலுக்காகக் குறைப்பதும் ஒன்றையொன்று இழுக்கும் இந்த இடத்தில்தான் 8–14 மைக்ரான் பயனர்கள் ஜெர்மானியத்துக்குப் போகிறார்கள்.

## ஜெர்மானியம்

8–14 மைக்ரான் முழுவதையும் சில மில்லிமீட்டர்த் தடிமனிலும் தடையின்றி விடும். பூச்சிட்டால் 8–12 மைக்ரானில் 95 சதவீதத்தைத் தொடும். வெளிமுகத்தில் வைரம் போன்ற கரிமப் பூச்சும் உள்முகத்தில் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சும் இட்ட ஜெர்மானியத் தகடு, கண்காணிப்புக் கேமராப் பெட்டிகளில் ஏறத்தாழ எழுதாத விதி. கரிமப் பூச்சு சில சதவீத ஊடுருவலைப் பறித்துக்கொள்கிறது. மணற்காற்றும் துடைப்பானும் உரசும் இடத்தில் அது கொடுக்கத்தக்க விலையே.

அதன் பலவீனம் சூடு. ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் வெப்பத்தாலேயே உருவாகும் மின்னூட்டங்கள் கதிரை உட்கவரத் தொடங்குகின்றன. உட்கவரும் தகடு மேலும் சூடேறுகிறது, சூடேறியதால் மேலும் உட்கவர்கிறது. 200 டிகிரியை எட்டும்போது அது ஒளிபுகாத் தகடாகவே ஆகிவிடும். உலைக்கு அருகில் ஜெர்மானியம் வைக்க வேண்டுமானால் நீரோ காற்றோ செலுத்திக் குளிர்விக்க வேண்டும். சிலிக்கான் இந்த வகையில் இன்னும் நூறு டிகிரிக்கு மேல் பொறுத்துக்கொள்ளும்.

வெப்பநிலையோடு ஒளிவிலகல் எண் வேகமாக மாறுவது ஜெர்மானியத்தின் இன்னொரு குறை என்று படித்திருப்பீர்கள். வில்லைக்கு அது பெருந்தலைவலி, குவியம் நகர்ந்துவிடும். சமதளச் சாளரத்துக்கு அது பொருட்டே அல்ல. சாளரம் வாங்குகிறவர் இதற்காகப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வரத்தைப் பற்றி. துத்தநாக உருக்காலைகளின் துணைப்பொருளாகவும் நிலக்கரிச் சாம்பலிலிருந்தும்தான் ஜெர்மானியம் கிடைக்கிறது. உற்பத்தியில் சீனாவுக்கே முதலிடம். 2023 ஆகஸ்ட் 1 முதல் அந்நாடு ஜெர்மானிய, காலிய ஏற்றுமதிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கான ஏற்றுமதிக்குத் தடையை அறிவித்து, 2025 நவம்பரில் அத்தடையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. இதற்கிடையில் விலை ஏறியதும், விலைப்புள்ளிகள் சில நாள்களுக்கு மட்டுமே செல்லும் என்று எழுதி வரத் தொடங்கியதும் இத்துறையில் இருப்பவர்கள் அறிந்ததே. ஐந்தாண்டு பராமரிக்க வேண்டிய கருவியை வடிவமைப்பவர் மாற்றுத் தகடுகளை இப்போதே வாங்கி வைப்பது நல்லது.

## ஜிங்க் செலினைடும் ஜிங்க் சல்ஃபைடும்

கரியமில வாயு லேசரின் 10.6 மைக்ரான் ஒளிக்கு ஜிங்க் செலினைடு வில்லைகள் பழக்கமானவை. மஞ்சள் நிறம் கொண்டாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் விடுவதால், கேமரா எதைப் பார்க்கிறது என்று சுட்டும் சிவப்பு லேசர்ப் புள்ளியை அதே சாளரத்தின் வழியே அனுப்பலாம். சிலிக்கானிலும் ஜெர்மானியத்திலும் இது நடக்காது. ஒரே சாளரத்தில் இரு பட்டைகளும் புலப்படும் ஒளியும் வேண்டும் என்றால் இதைவிட எளிய வழி இல்லை.

ஆனால் மென்மையானது. கடினத்தன்மை சிலிக்கானுடையதில் பத்தில் ஒரு பங்கு அளவே. தூசியோடு சேர்த்து ஒருமுறை துணியால் துடைத்தால் கீறல் நிரந்தரம். உடைந்தால் தூளைக் கையால் அள்ளக் கூடாது. செலினியச் சேர்மம் நஞ்சு. வெளிப்புறத்துக்கு வேண்டுமானால் ஜிங்க் சல்ஃபைடு மேல். சற்றுக் கெட்டியானது, ஆனால் 12 மைக்ரானோடு நின்றுவிடும். உயர் அழுத்தத்தில் சூடேற்றிப் பதப்படுத்திய வகை நீர் போலத் தெளிவாக இருக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

## சஃபையரும் கால்சியம் ஃப்ளோரைடும்

இவை இரண்டும் 3–5 மைக்ரானில்தான் சிலிக்கானுக்குப் போட்டி. பூச்சு போடவே முடியாத சூழலை எண்ணிப் பாருங்கள்: உலைக்குள் பறக்கும் துகள்கள் எந்தப் பூச்சையும் உரித்துவிடும். அங்கே வெற்றுச் சிலிக்கான் 54 சதவீதம். வெற்றுச் சஃபையர் 88. எரிவாயு உலையின் தீச்சுடருக்கு ஊடாகக் குழாய்களைப் பார்க்கும் கேமராக்கள் 3.9 மைக்ரான் வடிகட்டியோடு வருகின்றன. நீராவியும் கரியமில வாயுவும் அந்த இடைவெளியில் குறுக்கிடுவதில்லை. அந்த ஒரே அலைநீளத்துக்குச் சஃபையர் கச்சிதமாகப் பொருந்துகிறது. கீறல் விழாது, சூடு தாங்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணாலும் பார்க்கலாம்.

கால்சியம் ஃப்ளோரைடு மின் பலகைகளின் ஆய்வுச் சாளரங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இதில் ஒரு பொறி உண்டு. அதன் ஊடுருவல் 8 மைக்ரானைத் தாண்டியதும் தடிமனைப் பொறுத்து விரைவாகச் சரிகிறது. பலகையை ஆய்வு செய்ய வருகிறவரின் கையில் இருப்பதோ 8–14 மைக்ரான் கேமரா. படம் வரும், ஆனால் எண் குறைவாக வரும். தளர்ந்த இணைப்பு ஒன்று ‘பரவாயில்லை’ என்ற அறிக்கையோடு தப்பிவிடும். சாளரத்தின் ஊடுருவல் விகிதத்தை அந்தக் கேமராவுக்கென்றே அளந்து, பலகையின் மேல் எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.

## சால்கோஜெனைடு கண்ணாடியும் பாலித்தீனும்

ஆர்செனிக், செலினியம் ஆகியவற்றோடு சில வகைகளில் சிறிது ஜெர்மானியமும் கலந்த சால்கோஜெனைடு கண்ணாடிகள் 8–14 மைக்ரானை நன்றாக விடுகின்றன. அச்சில் வார்க்கலாம் என்பதால் வில்லைகளுக்கு உகந்தவை. தட்டையான சாளரத்துக்கு அந்த நன்மை பயன்படுவதில்லை. மென்மையும் சூடு தாங்காமையும்தான் மிஞ்சும்.

பாலித்தீன் மிக மலிவு. ஆள் வந்தால் விளக்கெரியும் உணரிகளின் வெண்ணிற வில்லை அதனால் ஆனதே. கறுப்புக் குப்பைப் பைக்குள் கையை விட்டு, தெர்மல் கேமராவில் பாருங்கள்: ஐந்து விரல்களும் தெரியும். ஆனால் அது மெல்லிய படலம். தகடு அளவுக்குத் தடித்தால் கதிர் சிதறிப் படம் மங்கும், வெயிலில் நைந்தும் போகும். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றும் ஏற்பாடு இருந்தால், தூசி மட்டுமே எதிரியான இடத்தில் இதைக் கேலி செய்யத் தேவையில்லை.

## விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள்

பூச்சுதான் முதல் செலவு. ஒன்றிரண்டு தகடுகள் கேட்டாலும் பூச்சு அறையை ஒரு முழுச் சுற்று இயக்கியாக வேண்டும். அந்தக் கட்டணம் வெற்றுச் சிலிக்கான் தகட்டின் விலையை எளிதில் மிஞ்சும். ‘சிலிக்கான் மலிவு’ என்ற வாதம் ஒற்றைத் தகடு வாங்குகிறவரிடம் இங்கேயே வலுவிழக்கிறது. நூறு தகடு வாங்குகிறவருக்கு அது முழுமையாகப் பொருந்துகிறது. பூச்சு பட்டைக்குப் பட்டை வேறு என்பதையும் மறக்கக் கூடாது. 3–5 மைக்ரானுக்குப் பூசிய தகட்டை 8–14 கேமராவின் முன் வைத்தால் வெற்றுத் தகட்டைவிட மோசமாகவும் அமையலாம்.

அடுத்தது சாளரத்தின் சொந்த வெப்பம். உட்கவரும் பொருள் எதுவும் தானே கதிர்வீசும். தடித்த சிலிக்கான் தகடு வெயிலில் காய்ந்து 50 டிகிரிக்கு ஏறினால், 8–14 கேமரா காட்சியின் மேல் ஒரு மெல்லிய வெப்பத்திரையைப் போர்த்திவிடும். தகடு குளிரக் குளிர அது மாறிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு திருத்த எண்ணை இட்டு இதைச் சரிசெய்ய முடியாது. தகட்டின் வெப்பநிலையையும் அளந்து கணக்கில் சேர்க்க வேண்டும்.

எதிரொளிப்பால் வருவது இன்னொன்று. சாளரத்தை வில்லைக்கு நேர் எதிராக, இணையாகப் பொருத்தினால் கேமரா தன்னையே காணும். குளிரூட்டிய உணரியானால் படத்தின் நடுவே கருத்த வட்டமாகவும், குளிரூட்டாததானால் வெளிறிய ஒளிவட்டமாகவும் அது தெரியும். சில டிகிரி சாய்த்துப் பொருத்தினால் போய்விடும். ஆனால் சாய்க்க இடம் வேண்டும், சாய்த்தால் பெரிய தகடு வேண்டும். பெட்டியை வரைந்து முடித்த பிறகு இது நினைவுக்கு வந்தால் செலவு இரட்டிப்பு.

மழைநீரைப் பொறுத்தவரை எல்லாப் பொருள்களும் சமம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் நீர்ப்படலம் 8–14 மைக்ரானை ஏறத்தாழ முற்றிலும் மறைத்துவிடும். சாளரப் பொருளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைக் கூரை நீட்டத்துக்கும் காற்றூதும் குழாய்க்கும் ஒதுக்குபவர் கூடுதல் பலன் பெறுவார்.

## எங்கே எது

மீத்தேன் கசிவைக் காணும் குளிரூட்டிய கேமரா 3.2–3.4 மைக்ரானை ஒட்டி இயங்குகிறது. அதன் பெட்டிக்குப் பூச்சிட்ட சிலிக்கான். மின் நிலையங்களில் சல்ஃபர் ஹெக்சாஃப்ளோரைடு வாயுவைத் தேடும் கேமரா 10.55 மைக்ரானை நாடுகிறது. அதற்குச் சிலிக்கான் வேண்டாம், ஜெர்மானியம். உலைக்குள் 3.9 மைக்ரானில் பார்ப்பவர் பூச்சு நிலைக்குமானால் சிலிக்கானையும் நிலைக்காதானால் சஃபையரையும் எடுக்கலாம். வெளியில் நிற்கும் 8–14 கண்காணிப்புக் கேமராவுக்குக் கரிமப் பூச்சிட்ட ஜெர்மானியம். அதே கேமரா கட்டடத்துக்குள், சிறு திறப்போடு, அழுத்த வேறுபாடு இல்லாமல் இருந்தால் அரை மில்லிமீட்டர் ஃப்ளோட் ஸோன் சிலிக்கான். லேசர்ச் சுட்டியோ சாதாரணக் கேமராவோ கூடவே உள்ள பெட்டிக்கு, யாரும் துடைக்காத இடமானால் ஜிங்க் செலினைடு, துடைப்பார்களானால் தெளிந்த ஜிங்க் சல்ஃபைடு.

சிலிக்கானைத் தேர்ந்துவிட்டவர் கொள்முதல் ஆணையில் ‘சிலிக்கான் சாளரம், 50 மி.மீ.’ என்று மட்டும் எழுதினால் கையிருப்பில் கிடப்பது வந்து சேரும். வளர்ப்பு முறை சோக்ரால்ஸ்கியா ஃப்ளோட் ஸோனா, மின்தடை எண் குறைந்தது எவ்வளவு, இருமுகமும் மெருகா, தடிமனும் அதன் ஏற்ற இறக்கமும், பூச்சு எந்தப் பட்டைக்கு, எந்தச் சாய்கோணத்துக்கு, பரப்பின் தரம் (கீறலையும் குழியையும் குறிக்கும் எண்கள்) 60–40 போதுமா என்ற விவரங்களை எழுதி, அந்தத் தொகுதித் தகட்டிலேயே அளந்த ஊடுருவல் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். பட்டியலில் அச்சிட்ட மாதிரி வரைபடம் வேறு தடிமனுக்கானதாக இருப்பது மிகச் சாதாரணம். அதன் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும் தடிமனை முதலில் படியுங்கள்.